பதினேழு சதவீதம்

ஜெசிமா,
கேட்டிருந்தாய்.
வாய்ப்பாட்டு வேண்டாம், ஜாஸ் பியானோ மட்டும்,
ஐரோப்பாவில் யாரும் அதிகம் சொல்லாத ஆட்களாக நாலு பேர்.
கூத்தாநல்லூரில் பகலெல்லாம் பல் பிடுங்கிய கைக்கு
இரவு பத்து மணிக்கு மேல் என்ன தேவைப்படும் என்று
எனக்கென்ன தெரியும்.
நான் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிறவன்.
ஒரு கைப்பிடி நெல்லை எந்திரத்தில் போட்டு
எண் வரும்வரை
எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன்.

ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் ஐலி கொர்ப்பெலா, பின்லாந்து.
ஏதோ பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் பதிவு செய்தது.
இரண்டாவது துண்டில் யாரோ தட்டைக் கீழே வைக்கிறார்கள்.
அவள் அந்தச் சத்தத்தின் சுருதிக்கு இறங்கி வந்து
அங்கேயே கொஞ்சநேரம் உட்கார்ந்துகொள்கிறாள்.
இடது கை அவசரப்படுவதே இல்லை.
முறைவைத்துத் தண்ணீர் விடுகிற வருஷத்தில்
கடைமடைக்கு வாய்க்கால் வருமே, அந்த மாதிரி.
முதலில் மண்ணின் நிறம் மாறும்,
அப்புறம்தான் தண்ணீர்.

டெல்காடோ, போர்ச்சுகல். வேகம்.
பல்வலிக்காரர்கள் காத்திருக்கும்போது போட்டுவிடாதே.

அடுத்தது யோரிஸ் ஹெய்லெப்ரூக்.
பெல்ஜியத்தில் ஒரு துறைமுகம், மாலுமிகள் தங்கும் விடுதி,
விடுதியின் பழைய பியானோ, நாற்பத்தொரு நிமிடம்.
ஆறு வருஷமாகக் கேட்கிறேன்.
எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்,
போன தை மாதம் வரை.

தாளடி அறுவடை நேரம், பருவம் தப்பிய மழை.
நாலாயிரம் சிப்பம் தார்ப்பாய்க்கு அடியில்.
லாரி வரும் வரும் என்று மூன்று நாள்.
பஞ்சநாதன் பக்கத்தில் வந்து குந்தினார்.
ஒரு காதுக் குமிழைக் கழற்றிக் கொடுத்தேன்.
பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு
ரொம்பநேரம் கேட்டார்.
“ஒரு படி உடஞ்சிருக்கு சார்.
தாண்டித் தாண்டிப் போறாரு.”

இல்லை என்றேன்.
பிறகு பின்னால் ஓட்டிக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.
நடுவுக்குச் சற்று மேலே ஒரு கட்டை,
நாற்பத்தொரு நிமிடத்தில் ஒருமுறைகூட அது ஒலிக்கவில்லை.
மெட்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம்
காலை அகட்டி வைத்து ஏறிவிடுகிறார் மனுஷன்.
நாற்பது கிலோ மூட்டையை முதுகில் வைத்து
அட்டியின் மேல்வரிசைக்குப் பலகையில் ஏறுகிறவருக்கு
எங்கே மிதிக்கக்கூடாது என்பது
காதிலும் தெரிந்திருக்கிறது.

அன்றோடு அந்தப் பதிவு எனக்குக் கெட்டுப்போயிற்று.
வாசிக்கிறதெல்லாம் எங்கோ ஓடுகிறது,
நான் அந்த ஒன்றின் வாசலில் நிற்கிறேன்.
உனக்கும் சொல்லியிருக்கக் கூடாதுதான்.
ஆனால் ஓட்டைப்பல்லைப் பற்றி
உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அன்று இருட்டும் நேரத்தில் வந்த கடைசி நெல்
பத்தொன்பது காட்டியது.
பதிவேட்டில் நான் என்ன எழுதினேன் என்று கேட்காதே.

நாலாவது, பெயர் போடாத ஒரு கோப்பு.
ஹங்கேரியாக இருக்கலாம்.
கூட்டத்தில் ஒருவர் இருமுவதை வைத்துச் சொல்கிறேன்,
சிரிக்காதே.
அதில் ஐந்தாவது துண்டு பாதியில் அறுந்துவிடும்.
உன் போனில் கோளாறு இல்லை,
எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது.

கிடாரங்கொண்டான் பக்கம் திரும்புகிற விளக்கு தெரிகிறது.
லாரிதான்.
பஞ்சநாதன் தலையில் துண்டைச் சுற்றுகிறார்.
கொர்ப்பெலாவில் ஆரம்பி.
பெல்ஜியக்காரரை
வேலைநாளில் கேட்காதே.